வேம்பு கட்டிய வேலும் சிலந்தி கட்டிய விசிறியும்

பட்டர்வொர்த்தில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரின் கேள்விக்கு இந்தப் பதில். அவருடைய வாசகர் வட்டம் ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டை வாடகைக்கு எடுத்து, மூன்று மாதத்தில் ஓவியமும் கவிதையும் சேர்ந்த கண்காட்சி வைக்கப்போகிறது. பன்னிரண்டு நீர்வண்ண ஓவியங்கள், பன்னிரண்டு கவிதைகள். இயற்கைக்கு ஒரு சுவர், ஜப்பான் காலத்துப் போருக்கு ஒரு சுவர், அன்றாட வாழ்க்கைக்கு ஒரு சுவர் என்று பிரித்திருக்கிறார்கள். இந்தப் பிரிவு சரியா, ஓவியத்துக்குக் கவிதை எழுதுவது எப்படி, இந்த ஈரத்தில் நீர்வண்ணத்தை எப்படிக் காப்பது என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். மூன்று சுவர் வேண்டாம். அப்படிப் பிரித்தால் இயற்கைச் சுவரில் பினாங்கு மலையும் தென்னையும் வரும், போர்ச் சுவரில் துப்பாக்கியும் முள்வேலியும் வரும், வாழ்க்கைச் சுவரில் தேத்தாரேக் கடை வரும். மூன்றும் பார்த்துப் பழகிய படங்களாகவே இருக்கும். நம்முடைய மரபில் இந்த மூன்றும் ஒரே பாட்டுக்குள் இருந்தவை. வட்டத்தில் எல்லோரும் தூரிகையைத் தொடும் முன் ஒரு மாலை உட்கார்ந்து நெடுநல்வாடையைச் சேர்ந்து படியுங்கள். 188 அடிதான். உரையோடு படித்தால் இரண்டு மணி நேரம் ஆகும்.

அந்தப் பாட்டை ஓவியரின் கண்ணோடு பார்க்க வேண்டும். நக்கீரர் மழையில் தொடங்குகிறார். மாடு மேய்ப்பவர்கள் மேட்டுநிலத்துக்கு ஏறிப்போய், தீயில் காட்டிய கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நடுங்குகிறார்கள். மந்தி கூனிக் குறுகுகிறது. கறவை கன்றை உதைத்துத் தள்ளுகிறது. பிறகு ஊர். பொழுது தெரியாத மூட்டத்தில், தட்டில் வைத்த பிச்சி அரும்பு மணத்தோடு இதழ் விரிப்பதைக் கொண்டு மாலை வந்ததென்று அறிந்து பெண்கள் விளக்கு ஏற்றுகிறார்கள். வீட்டுப் புறா இரவா பகலா என்று தெரியாமல் இரைதேடவும் போகாமல் கொடுங்கையில் கால் மாற்றி உட்கார்ந்திருக்கிறது. சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. வட்ட விசிறியை மடக்கி முளையில் மாட்டிவிட்டார்கள், அதில் சிலந்தி நூல் கட்டியிருக்கிறது. இத்தனையும் வந்து போன பிறகுதான் அரண்மனை, கட்டில், அரசி. போர் இன்னும் வரவேயில்லை. ஆனால் வீட்டில் ஒருவர் இல்லை என்பது மடக்கிய விசிறியிலேயே நமக்குள் இறங்கத் தொடங்கிவிடுகிறது.

போர் கடைசியில் வருகிறது. அங்கேயும் சண்டைக் காட்சி கிடையாது. நள்ளிரவில் பாசறை, வாடைக்காற்றில் சாயும் விளக்குச் சுடர், மழைத்துளியை உதறும் குதிரை, காயம்பட்டவர்களை ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டு முன்னே போகும் ஒருவன். அவன் கையில் இருக்கும் வேலின் தலையில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனின் அடையாளம். தலைவன் பெயரைச் சொல்லாத பாட்டு அகத்தில் சேரும். அடையாளம் சொல்லிவிட்டால் புறமாகிவிடும். அந்த ஒரு வேம்பினால்தான் இது புறப்பாட்டு என்றார் நச்சினார்க்கினியர். 188 அடிப் பாட்டின் வகையையே ஒரு வேம்பு மாற்றிவிடுகிறது. உங்கள் கண்காட்சிக்கு இதைவிட நல்ல பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. படம் முழுக்க மழையும் வீடுமாக இருக்கட்டும். போரைச் சொல்லும் பொருள் ஒன்றே ஒன்று, சிறியதாக, ஓரத்தில் இருந்தால் போதும்.

இன்னும் இரண்டு புறநானூற்றுப் பாட்டுகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 86ஆம் பாட்டில் பக்கத்துவீட்டுப் பெண் தூணைப் பிடித்துக்கொண்டு உன் மகன் எங்கே என்று கேட்கிறாள். தெரியாது, புலி தங்கிப்போன கல்குகை போல அவனைப் பெற்ற வயிறு இது, அவன் போர்க்களத்தில் தென்படுவான் என்கிறாள் காவற்பெண்டு. வீட்டுத்தூண், புலிக்குகை, போர்க்களம் மூன்றும் ஆறே அடியில். இதை வரையச் சொன்னால் பலரும் போர்க்களத்தை வரைவார்கள். வரைய வேண்டியது தூணையும் அதைப் பிடித்த கையையும்தான். 112ஆம் பாட்டு, பாரி மகளிர் பாடியது: ‘அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்’ தந்தை இருந்தார், குன்றும் இருந்தது, ‘இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்’ குன்றும் போயிற்று, தந்தையும் இல்லை. இது அப்படியே இரட்டை ஓவியத்துக்கான வரைபடம். ஒரே கோட்டுப்படத்தை டிரேசிங் தாளில் எடுத்து இரண்டு தாள்களில் இறக்குங்கள். நிலவு இரண்டிலும் அதே இடத்தில், அதே அளவில். இரண்டாவது படத்திலிருந்து ஒரே ஒரு பொருளை எடுத்துவிடுங்கள். நிறத்தை இருட்டாக்கிச் சோகம் காட்ட வேண்டாம், அதே நிலவு என்பதில்தான் அந்தப் பாட்டின் அடி விழுகிறது.

உங்கள் வட்டத்துக்குச் சீன நண்பர்கள் வருவார்களானால் சீனக் கவிஞர் து ஃபு 757இல் எழுதிய ‘வசந்தக் காட்சி’யைச் சீனத்தில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நாடு உடைந்தது, மலையும் ஆறும் அப்படியே இருக்கின்றன என்று தொடங்கும். எட்டு அடிக்குள் புல், பூ, பறவை, மூன்று மாதமாக அணையாத போர்த் தீ, பொன்னுக்கு நிகரான வீட்டுக் கடிதம் எல்லாம் வந்து, கொண்டையூசி நிற்காத அளவுக்கு மெலிந்துபோன நரைமுடியில் முடியும். கொண்டையூசியில் முடிவதைக் கவனியுங்கள்.

சரி, இதை மலாயாவுக்குக் கொண்டுவருவோம். திணை என்றால் நிலமும் பொழுதும் முதல், அங்கே இருக்கிற பொருள்கள் கரு, உணர்வு உரி. ரப்பர் தோட்டத்துக்கு இதைப் போட்டுப் பார்த்தால் எதை வரைவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும். பொழுது, விடியலுக்கு முன். குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் வேலை இருட்டிலேயே தொடங்கும். கரு, மர வரிசையான நிரை, பால் பிடிக்கும் மங்கு, தோள்கம்பில் தூக்கும் காண்டா வாளி, ஆள்கணக்கு எடுக்கக் கூப்பிடும் பெரட்டு மணி, தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசல், உறைந்த பாலான கட்டிப்பால் நாற்றம். பருவமும் முக்கியம். ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் இறங்கியது வடகிழக்குப் பருவமழைக் காலம். டிசம்பர் 11 அன்று ஜார்ஜ்டவுனில் குண்டு விழுந்தபோது மக்கள் தெருவில் நின்று விமானங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூர், பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர். ஜனவரி முதல் மார்ச் வரை ரப்பர் மரம் வழக்கமாக இலை உதிர்க்கும். படை கடந்துபோனதை ஒட்டிய வாரங்களில் தோட்டத்தில் தரையெல்லாம் சருகு, தலைக்கு மேலே திறந்த வானம், பிறகு செம்புநிறத் தளிர். அந்தப் போரை வரைய இந்த வெற்று மரங்களே போதும். படைவீரன் ஒருவனும் வேண்டியதில்லை.

வேம்புக்கு ஈடான சிறு பொருளுக்கு இங்கே பஞ்சமில்லை. என் விருப்பம் ஜப்பான் காலத்துப் பத்து டாலர், நாம் வாழைமர நோட்டு என்று சொல்வது. போர்ப்பணத்தின் மேல் வாழை மரம்! பெரும்பாலும் வரிசை எண்கூட இல்லாமல், மலாயாவைக் குறிக்கும் ‘எம்’ என்ற எழுத்தில் தொடங்கும் எழுத்துகளை மட்டும் போட்டு அடித்துத் தள்ளினார்கள். மதிப்பும் கரைந்துபோனது. முற்றத்தில் உண்மையான வாழை, அரிசிப்பானை இருந்த இடத்தில் மரவள்ளிக் கிழங்கு, அலமாரி விளிம்பில் பாதி தெரியும் அந்த நோட்டு என்று ஒரு படம் போதும். சாக்குத்துணிச் சட்டை இன்னொன்று. கவிழ்த்த மங்கு மூன்றாவது. பால் வெட்டாத நாளில் மழைநீர் தேங்காதபடி மங்கைக் கம்பியில் கவிழ்த்து வைப்பார்கள். ஏற்றுமதி நின்று தோட்டங்கள் படுத்த அந்த ஆண்டுகளில், கவிழ்த்த மங்கு வரிசை என்பது வேலை போன வீடுகளின் வரிசை.

பொருளைத் தப்பாக வரைந்தால் தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். பால் வெட்டும் கோடு மரத்துக்கு எதிரே நிற்பவரின் இடதுபக்க மேலிருந்து வலதுபக்கக் கீழாக, ஏறத்தாழ 30 பாகை சரிவில், மரத்தின் பாதிச் சுற்றுக்கு இறங்கும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேர் செங்குத்தாக இல்லாமல் கொஞ்சம் வலப்புறம் சாய்ந்து ஏறுகின்றன. இடம் உயர்ந்து வலம் தாழ்ந்த வெட்டு அவற்றில் அதிகமானவற்றை அறுக்கும் என்பதே காரணம். புகைப்படத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்து வரைகிறவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஆழமாக வெட்டுப்பட்ட பழைய மரத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளர்ந்திருக்கும், அதையும் வழவழவென்று வரைந்துவிடாதீர்கள்.

சயாம் மரண ரயில் பற்றி ஒரு சொல். ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்கப் போட்ட 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் இரண்டு முனையும் இணைந்தன. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பலவந்தமாகவும் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அங்கே பேரெண்ணிக்கையில் மடிந்தார்கள். அந்தப் பாதையிலிருந்து நமக்குக் கிடைத்திருக்கும் புகழ்பெற்ற ஓவியங்கள் போர்க்கைதிகள் வரைந்தவை. ஜாக் சாக்கர் தன் படங்களை மூங்கில் குழாய்க்குள் ஒளித்தார், ரொனால்ட் சியர்ல் காலரா நோயாளிகளின் படுக்கைக்கு அடியில் ஒளித்தார். கிடைத்த தாளில் வரைந்த சின்னச் சின்னப் படங்கள், புண்ணுக்குக் கட்டுப்போடுவது, கிடையில் கிடப்பது மாதிரியான அன்றாடக் காட்சிகள் நிறைய. நம் தொழிலாளர்களுக்குத் தாளும் இல்லை, ஒளித்துக் காப்பாற்ற வழியும் இல்லை. அவர்கள் கதை பெரும்பாலும் வாய்வழியாகவே வந்தது. அதனால் கைதிகளின் ஓவியத்தை நகலெடுத்து அதில் தமிழ் முகத்தை ஒட்டாதீர்கள். தாள் இல்லாதவர்களின் நினைவை வரைகிறோம் என்பது படத்தில் தெரிய வேண்டும். உருவம் இல்லாத லயத்து வாசலும் அங்கே தொங்கும் ஒரு காண்டாக் கம்பும் அதற்கு நேர்மையான படம் என்பது என் எண்ணம். கூட்டம் கூட்டமான எலும்புக்கூட்டு உருவங்கள் வேண்டவே வேண்டாம். பார்ப்பவர் பத்து விநாடியில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இனி வேலை. நெடுநல்வாடையில் அரசியை ‘புனையா ஓவியம் கடுப்ப’ என்கிறார் நக்கீரர், வண்ணம் தீட்டாத கோட்டோவியம் போல என்று. இதையே உத்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். அறை, முற்றம், மழை, பாத்திரம் எல்லாம் முழு வண்ணத்தில். காத்திருப்பவரோ போனவரோ மட்டும் வெறும் பென்சில் கோடு, வெள்ளைத் தாள். பன்னிரண்டில் மூன்று நான்கு படங்களுக்கு மட்டும் செய்யுங்கள், எல்லாவற்றிலும் செய்தால் வித்தையாகிவிடும்.

அளவு கால் தாள் போதும், 28க்கு 38 சென்டிமீட்டர். முழுத் தாள் 56க்கு 76. அந்த அளவில் பரந்த வானம் பூசிச் சமாளிக்கப் பல வருடக் கைப்பழக்கம் வேண்டும். தாள் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள முழுப் பருத்தித்தாள், நடுத்தரச் சொரசொரப்பு. மரக்கூழ்த் தாள் விலை குறைவுதான். ஆனால் இரண்டாவது பூச்சில் முதல் பூச்சு கிளம்பி வந்து சேறாகும். முதலில் உள்ளங்கை அளவில் மூன்று சிறுபடம், கறுப்பு, சாம்பல், வெள்ளை மூன்றே தொனியில். அதில் நிற்காத படம் வண்ணத்திலும் நிற்காது. பிறகு 2பி பென்சிலில் கோடு. தாளின் நான்கு ஓரத்தையும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டி, பலகையின் தலைப்பக்கத்தை ஒரு விரற்கடை உயர்த்திக்கொள்ளுங்கள்.

வெள்ளையாக விடவேண்டிய உருவத்தின் மேல் மறைப்புத் திரவம் பூசலாம். அது என்ன தெரியுமா? பெரும்பாலும் அம்மோனியா சேர்த்த ரப்பர் பால்தான். தோட்டத்தில் பால் உறையாமல் இருக்க ஊற்றும் அதே அம்மோனியா. தோட்டத்திலிருந்து போனவரின் உருவத்தை ரப்பர் பாலால் மறைத்து வெள்ளையாக்குகிறீர்கள். பார்ப்பவருக்கு இது தெரியாது, வரைகிற உங்களுக்குத் தெரிந்திருந்தால் கை வேறு மாதிரி நகரும். பழைய தூரிகையை முதலில் சோப்பு நீரில் முக்கி எடுத்துப் பிறகு திரவத்தில் தொடுங்கள், இல்லாவிட்டால் முடி ஒட்டிக் கெட்டியாகிவிடும். நம் வெப்பத்தில் அதை ஒரு நாளுக்கு மேல் தாளில் விடக்கூடாது. அதன்மேல் ஹேர் டிரையர் காட்டவும் கூடாது. சூடுபட்டால் தாளின் நாரோடு ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது தாளையும் கிழித்துக்கொண்டு வரும். வண்ணம் தானாக முற்றிலும் காய்ந்த பின், அன்றைக்கே, விரலால் தேய்த்து எடுங்கள்.

வண்ணம் ஆறு போதும்: அல்ட்ராமரீன் நீலம், தேலோ நீலம், யெல்லோ ஓக்கர், ஒரு குளிர் மஞ்சள், பர்ன்ட் சியன்னா, குவினாக்ரிடோன் ரோஸ். அலிசரின் கிரிம்சன் (குழாயின் மேல் பி.ஆர்.83 என்று போட்டிருக்கும்) வெளிச்சத்தில் வெளிறிப்போகும், ஒதுக்கிவிடுங்கள். டியூபிலிருந்து வரும் பச்சையும் வேண்டாம். நம் ஊர்ப் பச்சை கொஞ்சம் பழுப்பு கலந்தது. அல்ட்ராமரீனும் மஞ்சளும் கலந்து, கடைசியில் சியன்னா ஒரு துளி சேர்த்தால் ரப்பர் இலை வரும். மழைமேகத்துக்கு அல்ட்ராமரீனும் சியன்னாவும். கறுப்பு டியூபை வாங்கவே வேண்டாம்.

வெளியே உட்கார்ந்து வரைவதானால் நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பினாங்கில் கடிகாரம் சூரியனைவிட முந்தி ஓடுகிறது. உச்சிவேளை ஏறத்தாழ ஒன்றே காலுக்குத்தான். ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாவது வாரத்திலும் அந்த நேரத்தில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும், கம்பத்துக்கு நிழலே இருக்காது. அப்போது வரைந்தால் கட்டடம் தட்டையாகிவிடும். காலை எட்டு முதல் பத்தரை, மாலை ஐந்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைவீடுகளின் முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதையான அஞ்சடியின் உட்பக்க இருட்டைச் சாம்பலாகப் பூசாதீர்கள். வெயில்பட்ட தரையிலிருந்து எதிரொளி ஏறுவதால் கூரையின் அடிப்பக்கம் ஓக்கர் கலந்த சூடான நிழலாக இருக்கும், ஆழத்தில்தான் நீலம். வெள்ளையைத் தாளிலேயே விட்டுவைப்பதற்குக் கண் பழக வேண்டுமென்றால், பினாங்கில் நீர்வண்ணத்தை வளர்த்த யோங் முன் சென் (1896–1962), அப்துல்லா ஆரிஃப் (1904–1962) இருவரின் படங்களைக் கண்ட இடத்திலெல்லாம் நின்று பாருங்கள். எதை வரைந்தார்கள் என்று பார்க்காமல் எங்கே தூரிகையை வைக்காமல் விட்டார்கள் என்று பாருங்கள்.

ஈரம் பற்றிக் கேட்டீர்கள். இங்கே இரண்டு தனித்தனிச் சிக்கல் இருக்கிறது. முதலாவது, பூச்சு காயச் சுணங்குவது. மழைநாளில் ஒரு வானம் காய அரைமணி நேரமும் ஆகலாம். பளபளப்பு போனதும் காய்ந்துவிட்டது என்று நினைத்து அடுத்த பூச்சைத் தொடங்குவார்கள். நீர் அதிகமான தூரிகை பாதி காய்ந்த பூச்சைத் தொட்டால், அந்த நீர் வண்ணத்தூளை வெளியே தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் காலிஃபிளவர் பூ மாதிரி வரம்பு கட்டிவிடும். புறங்கையைத் தாளுக்கு மேல் மெல்ல வையுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. மேசை விசிறியை நேரே காட்டாமல் சுவரில் பட்டுத் திரும்பும்படி வையுங்கள், நேர்க்காற்றில் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து கோடு விழும். இந்தத் தாமதத்திலும் ஒரு நன்மை உண்டு. ஈரத்தின் மேல் ஈரம் வைத்து மழையையும் மூடுபனியையும் வரைய வறண்ட ஊர்க்காரருக்குக் கிடைக்காத அவகாசம் நமக்குக் கிடைக்கிறது. நெடுநல்வாடைக்கு ஏற்ற ஊர் நம்முடையது.

இரண்டாவது மோசமானது. தாளில் வண்ணம் உறிஞ்சப்படாமல் மேலே நிற்க ஒரு பசைப்பூச்சு இருக்கிறது, பல நல்ல தாள்களில் அது ஜெலட்டின். பூஞ்சணத்துக்கு அது சாப்பாடு. தாள் கட்டை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் ஆறு மாதம் வைத்தால், கண்ணுக்கு வெள்ளையாகத்தான் தெரியும், வண்ணம் பூசியதும் அங்கங்கே மையொற்றுத்தாள் போல உறிஞ்சிக் கறுத்த புள்ளிகள் வரும். வரைந்த பிறகு அதைச் சரிசெய்ய வழியே இல்லை. அதனால் தொடங்கும் முன் ஒவ்வொரு தாளின் மூலையிலும் வெறும் நீரைத் தடவிச் சாய்த்துப் பாருங்கள். நீர் ஒரே மாதிரி நின்றால் நல்லது, திட்டுத்திட்டாக இருண்டு உள்ளே இறங்கினால் அந்தத் தாள் கெட்டுவிட்டது. அதைக் கரிக்கோல் படத்துக்கு ஒதுக்குங்கள். புதுத் தாளை சிலிக்கா ஜெல் பையோடு மூடிய பிளாஸ்டிக் உறையில், தரையிலும் சுவரிலும் படாமல் வையுங்கள். சிலிக்கா ஜெல்லையும் மாதம் ஒருமுறை காயவைக்க வேண்டும், நீர் குடித்து முடித்த பை எதற்கும் உதவாது.

கவிதைக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய மாதிரியில், கவிழ்த்த மங்கு படத்துக்குக் கீழே ‘போரின் கொடுமையில் வெண்கண்ணீர் வடிக்கும் மரங்கள்’ என்று இருந்தது. எழுதியவரின் மனம் உண்மையானது, ஆனால் இந்த வரியை எடுத்துவிடுங்கள். ரப்பர் பாலைக் கண்ணீராகவும் இரத்தமாகவும் சொல்லிச் சொல்லி அந்த உவமை தேய்ந்துவிட்டது. அதோடு படத்தில் மங்கு கவிழ்ந்திருக்கிறது, அங்கே பாலே இல்லை. படத்துக்குள் தெரிவதைக் கவிதை திரும்பச் சொன்னால் இரண்டில் ஒன்று வீண்.

கோட்டுப்படத்தால் முடியாததைக் கவிதை கொண்டுவர வேண்டும்: ஓசை, மணம், பெயர், எண்ணிக்கை, நேற்று, நாளை. நக்கீரர் அரசனின் குடை மழையில் ‘தவ்வென்று’ அசைகிறது என்கிறார். அந்தத் ‘தவ்’வை எந்த ஓவியரால் வரைய முடியும்? கவிழ்த்த மங்கு படத்துக்கு இப்படி ஒன்று எழுதிப் பார்க்கலாம்:

மணி அடித்தது.
பெரட்டில் பெயர் கூப்பிட்டார்கள்.
மூன்றாம் பெயருக்கு
ஒரு காக்கை
கரைந்தது.

இதில் மரமும் இல்லை, மங்கும் இல்லை, போர் என்ற சொல்லும் இல்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே வாசிப்பவர் இரண்டையும் தானே சேர்த்துக்கொள்வார். சோதனை எளிது. படத்தை மூடிவிட்டுக் கவிதையை ஒருவருக்கு வாசியுங்கள், என்ன படம் என்று அவர் சரியாகச் சொல்லிவிட்டால் கவிதை படத்தை விவரிக்கிறது, மாற்றி எழுதுங்கள். அடுத்தது கவிதையை மூடிவிட்டுப் படத்தை மட்டும் காட்டுங்கள், ஒன்றுமே புரியவில்லை என்றால் படம் கவிதையின் மேல் சாய்ந்து நிற்கிறது, படத்தைத் திருத்துங்கள். எட்டு அடிக்கு மேல் போக வேண்டாம். வலி, துயரம், மானுடம், காயங்கள் போன்ற சொற்களை முதல் வரைவிலேயே அடித்துவிடுங்கள்.

இன்னொரு வழி, பார்க்கிறவர்களின் பேச்சையே கவிதையாக்குவது. பரிபாடல் 19இல் திருப்பரங்குன்றத்து ஓவியங்களைப் பார்க்க வந்தவர்கள் விரல் நீட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள்: இவள் இரதி, இவன் காமன், இது பூனையாகப் போகும் இந்திரன், இவள் அகலிகை, கல்லான விதம் இது. நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், கேள்வியும் பதிலுமாகவே ஓவியம் எழுகிறது. பேரன் கேட்க ஆத்தா சொல்வது போல நான்கு வரி எழுதினால் பத்தாங் காலியிலிருந்து வந்த பெரியவருக்கும் படம் திறக்கும். தலைப்புக்கு ஸ்பானிய ஓவியர் கோயா வழிகாட்டி. 1810க்கும் 1820க்கும் இடையே அவர் செதுக்கிய போர்ப் படங்களில் ஒன்றின் கீழே ‘இதை நான் பார்த்தேன்’ என்று மட்டும் இருக்கும். என்ன பார்த்தார் என்று படம்தான் சொல்ல வேண்டும். உங்கள் படங்களுக்கும் மூன்று சொல்லுக்குள் தலைப்பு வையுங்கள். ‘பசியின் நிழலில்’ மாதிரி வேண்டாம், ‘வாழை, 1944’ மாதிரி.

ஓவியரும் கவிஞரும் வேறு வேறு ஆளென்றால், முடிந்த படத்தைக் கொடுத்து எழுதச் சொல்லாதீர்கள். மூன்று தொனிச் சிறுபடம் முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து, எந்தப் பொருள் படத்துக்கு, எந்த ஓசை பாட்டுக்கு என்று பங்கு பிரித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வாரத்தில் முதல் மூன்று வாரம் இதற்கே போகட்டும். அடுத்த ஆறு வாரம் வாரத்துக்கு இரண்டு படம். மிச்சம் மூன்று வாரம் தோற்றுப்போனதைத் திரும்ப வரையவும் சட்டம் போடவும்.

சட்டத்தில் கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. நம் ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் உரிக்கும்போது வண்ணமும் வரும். அமிலமில்லாத அட்டையில் சன்னல் வெட்டி இடையில் வைத்தால் இடைவெளி கிடைக்கும். சட்டத்தின் பின்பக்கக் கீழ் மூலைகளில் அரை சென்டிமீட்டர் தடிப்பில் கார்க் துண்டு ஒட்டுங்கள், காற்று போகும். பழைய கடைவீட்டுச் சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து நீரை இழுக்கும். சுவரின் அடியில் பூச்சு உப்பியிருந்தால் அந்தச் சுவரை விட்டுவிட்டுத் தனிப்பலகையில் மாட்டுங்கள். வான்முற்றத்து வெயில் நேரே விழும் இடமும் ஆகாது. படத்தின் நடு தரையிலிருந்து 150 சென்டிமீட்டர். கவிதையைப் படத்துக்கு அடியில் ஒட்டாமல் வலப்பக்கம் ஒரு சாண் தள்ளி, 24 புள்ளி எழுத்தில், வரிகளுக்கு இடையே ஒன்றரை மடங்கு இடம் விட்டு அச்சிடுங்கள். முதலில் படம், பிறகு ஒரு மூச்சு, பிறகு கவிதை என்று கண் போகும். மலாய் மொழிபெயர்ப்பைத் தனித் தாளில் வாசலில் கொடுக்கலாம், சுவரில் இரண்டு மொழியும் நெருக்கியடித்தால் எதுவும் படிக்கப்படாது.

சுவர்களைப் பற்றித் தொடங்கியதால் மாட்டும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். நெடுநல்வாடை போன வழியிலேயே போங்கள். வாசலில் மழைப்படங்கள், உள்ளே போகப் போக வீடு, விளக்கு, சமையற்கட்டு, கடைசி அறையில் அந்தச் சிறு பொருள்கள் உள்ள படங்கள். வாழைமர நோட்டுப் படத்தைப் பின்வாசலுக்குப் பக்கத்தில் வையுங்கள். கடைவீட்டின் பின்முற்றத்தில் ஒரு வாழை நின்றால் அதை வெட்டாமல் விடச் சொல்லுங்கள்.